அத்தை வீட்டு ஐஸ்பெட்டியில் ஒரு நிலா

ஆராய்ச்சி மாணவனுக்கு எவனும் பெண் கொடுக்கமாட்டான் என்பார்கள். ஐஸ்பெட்டியில் இடமே கொடுக்கமாட்டான், பெண் எங்கே?

வியாழன் கிரகத்தின் புயல் மேகங்கள், அதன் பனி நிலாக்களில் விழும் விரிசல்கள், இதுதான் என் படிப்பு. பேச்சுத் துணைக்கு ஒரு நாய்கூடக் கிடையாது. பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகை அறை. ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் அத்தை வீட்டுக்குப் போனால் சோறு கிடைக்கும், படிப்பைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். (கேட்டாலும் "எப்ப முடியும்?" அவ்வளவுதான்.)

அந்த நிலாக்களின் பனியில் ஒருவகை உப்பு இருக்கலாம் என்கிறார்கள். அதே உப்பைத் தண்ணீரில் கரைத்து, காலி ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஊற்றி, விரிசல் எப்படி விழுகிறது என்று பார்க்க அத்தையின் ஐஸ்பெட்டியில் உறையவைத்தேன். நம் வீடுகளில் அதற்குப் பேதி உப்பு என்று பெயர். ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ்கிரீமைத் தவிர எல்லாம் இருக்கிற வீடு அது. அதனால் யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

அத்தை மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ரயிலைத் தவறவிட்டுத் தாமதமாகப் போனேன். வாசலிலேயே அத்தை என் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் அப்பாவிடம் இழுத்துப் போனார்.

"என் அண்ணன் மகன் முரளி. பன்டோங் பாலுக்கு ஐஸெல்லாம் இவன்தான் போட்டு வெச்சான். சொல்லாமக் கொள்ளாம, டப்பா டப்பாவா!"

அத்தைக்குக் கண் கலங்கியிருந்தது. அந்தக் குடும்பத்துக்காக நான் அதுவரை ஒரு நாற்காலிகூட நகர்த்தியதில்லை.

"கொஞ்சம் கசக்குதே லா," என்றார் மாப்பிள்ளையின் அப்பா, ரோஸ் நிறப் பன்டோங்கை ஆட்டிப் பார்த்து. மூன்றாவது கிளாஸ்.

"சீனி பத்தல போல," என்று அத்தை இன்னும் அள்ளிப் போட்டார்.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மாப்பிள்ளையின் அப்பாவின் வயிறு சொல்லிவிட்டது.

தட்டு மாற்றுகிற நேரத்தில் தட்டைப் பிடிக்க ஆளில்லை. ஒரே கழிவறை, வாசல்வரை வரிசை. "கல்யாணம் மட்டும் நின்னுச்சுன்னா உன்னைக் கொன்னுடுவேன்டா," என்று அத்தை மகள் அழுதாள். நான் போய்க் கழிவறைக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டேன்.

"அது என்னா ஐஸு தம்பி?" உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் அப்பா குரல்.

"வியாழனோட நிலாவுல இருக்கிற மாதிரி செஞ்சது அங்கிள். அங்க பனிக்கு அடியில கடலே இருக்காம்."

"மனுசன் இருக்கானா?"

"இல்ல அங்கிள்."

"எப்படிடா இருப்பான்?"

வரிசையே சிரித்தது (வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான்). உள்ளே அவரும் சிரித்தார். பொழுது சாய்வதற்குள் தட்டும் மாறிவிட்டது. என் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு மனிதர் கேள்வி கேட்டது அன்றுதான், அதுவும் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து.

இன்றும் எந்த விசேஷமானாலும் முதல் கிளாஸ் எனக்கு. "நிலாக்காரன் மொதல்ல குடிக்கட்டும் லா, அப்புறம் நாம," என்பார் அவர். நான் குடித்து முடிக்கும்வரை மொத்தக் குடும்பமும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

நான் மெதுவாகத்தான் குடிக்கிறேன்.