எதிர்வீட்டுப் பென்ஹாலோவிடம் ஒரு வார்த்தை

டுலூத்,
டிசம்பர் 20

அன்புள்ள ஆர்டிஸ் அக்காவுக்கு,

உன் தம்பி கர்ட் எழுதிக்கொள்வது. நானும் பாலெட்டும் இங்ரிட்டும் நலம் என்று எழுதத்தான் ஆசை; உடம்பளவில் அது உண்மையும்கூட. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே ஏரி இன்னும் உறையவில்லை, எங்கள் காதுகள் மட்டும் உறைந்துவிட்டன. ஞாயிறுதோறும் போனில் பேசுகிறவன் எதற்குக் காகிதத்தை எடுத்தான் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாலெட்டின் காதில் விழும். அவள் காதில் விழக் கூடாத விஷயம் இது.

இங்ரிட் வெதர்பி பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பித்தது உனக்குத் தெரியும். ஏரிக்கரையில் கல் பொறுக்க ஆரம்பித்த நாளிலிருந்து பாறைகளைப் பற்றிப் படிக்க வேண்டும் என்கிறவள் அவள். பள்ளியில் மேற்படிப்புக்கு ஆலோசனை சொல்லும் திருமதி ட்ராஸ்க் எங்களை உட்கார வைத்து விளக்கினார்: நவம்பரிலேயே விண்ணப்பித்தால் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இடமாம், ஊரோடு சேர்ந்து ஜனவரியில் விண்ணப்பித்தால் நான்கே பேருக்குத்தானாம், ஆனால் முன்கூட்டிக் கேட்டு இடம் கிடைத்துவிட்டால் வேறெங்கும் போக மாட்டேன் என்று முன்னதாகவே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். இங்ரிட் யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கேட்டாள். நான் பேனாவைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று முதல் என் மண்டைக்குள் அந்தப் பதினைந்தைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை. என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடம் "வலது கண்ணை மூடிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பதினைந்தில் சலுகையில் நுழைகிற பந்தாட்டக்காரர்கள் எத்தனை பேர், பழைய மாணவர்களின் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களைக் கழித்தால் நம்ம பெண்ணுக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். ஒரு அம்மாள் வெகுநேரம் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு, கையை எடுக்கலாமா என்று மரியாதையாகக் கேட்டார்.

அதுவாவது பரவாயில்லை, நேர்காணல் கதையைக் கேள். அங்கே படித்த ஒருவர் உள்ளூரிலேயே பிள்ளைகளைப் பார்த்துப் பேசிக் குறிப்பு அனுப்புவார். டெல்மர் வாஸ் என்று ஓய்வுபெற்ற நீதிபதி, துறைமுகத்துக்குப் பக்கத்துக் காப்பிக்கடைக்கு வரச் சொல்லியிருந்தார். என்னை வரவே கூடாது என்று இங்ரிட் சொல்லிவிட்டாள். நான் வரவில்லை; எதிர்ச்சாரியில் காரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். குளிருக்கு ஹீட்டரைப் போட்டேன், பெட்ரோல் வீணாகிறதே என்று எஞ்சினை அணைத்தேன், ஹீட்டரை அணைக்க மறந்தேன். பேட்டரி செத்துப்போயிற்று. விரல்கள் விறைத்துப்போய், வேறு வழியில்லாமல், உள்ளே போய், இன்னொரு வண்டியிலிருந்து பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்க ஒயர் யாரிடமாவது இருக்குமா என்று கேட்டால், "என் வண்டியில இருக்கு" என்று எழுந்தவர் அதே நீதிபதி. மகள் காப்பிக்கடையில் கோக்கோவைக் கலக்கிக்கொண்டிருக்க, அவர் பனியில் நின்று என் காருக்கு உயிர் கொடுத்தார். வாய் சும்மா இருந்ததா எனக்கு? இங்ரிட்டுக்கு முதல் பல் விழுந்ததிலிருந்து ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்.

"அவ போயிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பேட்டரி ஏறிடுச்சுன்னு நினைக்கிறேன்" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் இங்ரிட் கையை நீட்டி ஹீட்டரை அணைத்தாள், அதோடு சரி. அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

முடிவு வந்த மாலை அவளுக்கு வேலை நாள். சறுக்கு அரங்கத்தில் பனித்தளத்தில் தண்ணீர் விட்டு மெழுகிவிடும் வண்டியை அவள்தான் ஓட்டுகிறாள், தெரியுமல்லவா? நானும் பாலெட்டும் போய்த் தடுப்புக்கு வெளியே நின்றோம். அவள் வண்டியை நடுவில் நிறுத்தி, கையுறையைப் பல்லால் கடித்து உருவி, போனைப் பார்த்தாள். பிறகு அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு மறுபடி ஓட்ட ஆரம்பித்தாள். எங்களைக் கடந்து போகும்போது, "ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. மார்ச்சுல மறுபடி பாப்பாங்களாம். தண்ணி உறையறதுக்குள்ள இத முடிச்சுட்டு வரேன்" என்றாள். ஒவ்வொரு சுற்றாக ஓட்டி, ஒரு கோடுகூட விட்டுப்போகாமல் முடித்தாள். பாலெட் என் கையைப் பிடித்திருந்தாள். அப்படி ஒரு வழவழப்பான பனியை நான் பார்த்ததில்லை அக்கா, பார்க்கவும் பிடிக்கவில்லை.

மறுநாள் கேள்விப்பட்டேன், மருந்துக்கடைக்காரர் மகனுக்கு வெதர்பியில் இடம் கிடைத்துவிட்டதாம். நல்ல பையன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவன் தாத்தா பணம் கொடுத்து, அவர் பேரில் அங்கே ஒரு படகுக் கொட்டகை இருக்கிறதாம். நம்ம அப்பா பேரில் எங்கே என்ன இருக்கிறது, கல்லறையைத் தவிர?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் எதிர்வீட்டுப் பென்ஹாலோ வெதர்பியின் நிர்வாகக் குழுவில் இருப்பதாக நீயே ஒருமுறை சொன்னாய். தினமும் காலையில் அவரோடுதானே நாயை நடத்திக்கொண்டு போகிறாய்? ஒரு வார்த்தை போட்டு வை. பெரிதாக ஒன்றும் வேண்டாம், பேரைச் சொன்னால் போதும். பாலெட்டிடம் இதைப் பேச்சுவாக்கில் எடுத்தபோது, "அப்படி உள்ள போனா, நாலு வருஷமும் யாரோ பிடிச்சிருக்கற கதவுலயே நிக்கற மாதிரி இருக்கும் அவளுக்கு" என்றாள். நியாயம்தான். ஆனால் நியாயமெல்லாம் தூங்க முடிகிறவர்களுக்கு. பனித்தளத்தின் நடுவில் அவள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அவளுக்காக ஒரு துரும்பையாவது நகர்த்தினேன் என்று இருக்க வேண்டும் எனக்கு.

இது நமக்குள் இருக்கட்டும். இங்ரிட்டுக்குத் தெரிந்தால் என் முகத்தில் விழிக்க மாட்டாள். முழங்காலுக்குச் சூடு வைத்துக்கொள். நாய்க்கும், பென்ஹாலோவுக்கும், பண்டிகைக்கு உன் வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் எங்கள் அன்பு. புது வருஷம் உனக்கு வலியில்லாமல் விடியட்டும்.

உன் தம்பி,
கர்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது இங்ரிட் கார் சாவி கேட்டு வந்தாள். மேலே உன் முகவரியைப் பார்த்தாள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை, சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தெரியும்ப்பா. முடிவு வந்த அன்னிக்கே அத்தைக்குப் போன் பண்ணிட்டேன். அப்பா இப்படி எழுதுவாரு, எழுதினா ஒண்ணும் செய்யாதீங்கன்னேன். சரின்னுட்டாங்க" என்றாள். ஆக, உனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே போன ஞாயிறு முழுக்க என்னிடம் முழங்காலைப் பற்றியே பேசியிருக்கிறாய்.

அப்படியென்றால் வெதர்பி வேண்டாமா என்று கேட்டேன். "வேணும்ப்பா. ரொம்ப வேணும். அதனாலதான்" என்றாள். சாவியைக் கொடுத்தேன்.

எனவே பென்ஹாலோவிடம் எதுவும் பேசாதே. இதைக் கிழித்துப் போடாமல் அனுப்புவது ஏனென்றால், இவ்வளவையும் இன்னொரு தரம் யாரிடம் சொல்வேன்? மார்ச்சில் முடிவு வரும் நாளில் எனக்குப் போன் பண்ணாதே, அவளுக்கே பண்ணு. எனக்கு அவள் சொல்லுவாள்.