வலது கால் மட்டும்

மதிப்புக்குரிய கணவர் ஓக் சாங்மின் அவர்களுக்கு, பூசானிலிருந்து மனைவி மால்சுன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் நம் செருப்புத் தொழிற்சாலையும் நலம். மலைக்காற்று உங்கள் இருமலுக்கு ஒத்துக்கொள்கிறதா? கம்பளிக் காலுறை போடுகிறீர்களா? தத்துவம் எழுதுகிறவர்களுக்கும் கால் உண்டு.

ஆணையிடாத நிறுவனம் நதியைப் போன்றது, தன் வழியைத் தானே கண்டுகொள்ளும் என்று சுவரில் எழுதி மாட்டி, மேற்பார்வையாளர் பதவிகளை எடுத்துவிட்டு, அந்தத் தத்துவத்தை முழுசாக எழுதி முடிக்கிறேன் என்று இலையுதிர்காலத்தில் மலைக்கோயிலுக்குக் கிளம்பினீர்கள். நீங்கள் சொன்னபடி நான் வாயே திறக்கவில்லை. ஆட்களும் நன்றாகத்தான் ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடினார்கள் என்பது போன வாரம் தேகு நகர வியாபாரி மேங் தொலைபேசியில் கத்தியபோதுதான் தெரிந்தது.

"ஏம்மா, உங்க ஊர்ல எல்லாருக்கும் ஒத்தக்காலா? பெட்டி பெட்டியா வலது கால் செருப்பு மட்டும் வந்திருக்கு! நான் என்ன கொக்குக்கா கடை வச்சிருக்கேன்?"

பெட்டி கட்டுகிறவரைக் கேட்டால், "நதிக்குக் குறுக்க நிக்கக் கூடாதுன்னு ஐயா சொல்லியிருக்காருங்க" என்கிறார். உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன். துறைமுகக் காற்று அடிக்கும் கதவோரத்தில் இடது கால் இயந்திரம் அநாதையாக நிற்கிறது. மொத்தப் பேரும் வலது கால் இயந்திரத்தைச் சுற்றி. ஏனென்றால் குளிர்காயும் கணப்படுப்பு அங்கே. அதன்மேல் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேறு வெந்துகொண்டிருந்தது. உங்கள் பழைய கூட்டாளி தால்சுதான் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தால்சு இது?"

"கோச்சுக்காதீங்க அண்ணி. நதி தன் வழியத் தானே பாத்துக்கும்னு அண்ணன் சொன்னாரு. பாத்துக்கிச்சு. கதவோரம் நின்னா விரல் வெறைக்குது."

"யாராவது சொல்லக் கூடாதா?"

"யார்கிட்ட சொல்றது? அண்ணன் இருந்தா அவரோட சண்டை போடுவோம். இப்ப யாரோட போடுறது?"

திட்ட வந்த நான் ஒரு கிழங்கை எடுத்து உரித்தேன். எனக்கும் அதே குறைதானே.

மறுநாள் கதவுக்குத் தார்ப்பாய் கட்டச் சொல்லி, அடுப்பை இடது பக்கம் நகர்த்தி, பெட்டிமேல் ஏறி நின்று, "சோடி சேர்ற வரைக்கும் எல்லாரும் இடது கால்!" என்று கத்தினேன். முணுமுணுப்பார்கள் என்று பார்த்தால் கை தட்டினார்கள். நேற்று சரக்கு போய்விட்டது. மேங் இன்னும் சிரிக்கவில்லை. நதிக்குக் குளிராதுங்க; நம்ம ஆளுங்களுக்குக் குளிரும். உங்கள் புத்தகத்தில் எங்காவது ஓரமாக இடமிருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இன்னும் கை தானாக இரண்டு கிண்ணத்தில் சூப் ஊற்றுகிறது. இரண்டையும் நானே குடித்துப் பாவாடை இறுகிவிட்டது. மலையில் பனி கொட்டும் என்று வானொலிக்காரன் சொன்னால், "கொஞ்சம் கம்மியாச் சொல்லேன்யா" என்று அவனிடம் பேரம் பேசுகிறேன்.

உங்களை வரச் சொல்லி இதை எழுதவில்லை. நிதானமாக முடியுங்கள், வசந்தம் ஆனாலும் சரி. இங்கே யாரும் தேடவில்லை. நானும் அங்கே வருவதாக இல்லை. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. துறவிகளுக்கு என் வணக்கம். புத்தர் உங்கள் தொண்டையைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
மால்சுன்

பி.கு.: தபால் பெட்டிவரை போய்த் திரும்பிவிட்டேன். தபால் ரொம்ப மெதுவாகப் போகும். அதனால் நானே பேருந்தில் கொண்டுவந்து, கோயில் சமையற்காரம்மாவிடம் கொடுத்து உள்ளே அனுப்பியிருக்கிறேன். வெளியே பனியில் நிற்கிறேன். படிச்சாச்சுன்னா கதவத் திறங்க.