எல்லாருக்கும் அனுப்பிவைக்கிறவர்

கொடையாளிகளில் இரண்டு இனம் உண்டு. தன் பொருளை எடுத்துக் கொடுப்பவர் ஓர் இனம். அவர் அபூர்வம், அவரைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. மற்றவர் பொருளை எடுத்துத் தன் கையால் கொடுத்து, வாங்கியவரின் நன்றியையும் தானே பெற்றுக்கொள்பவர் இரண்டாம் இனம். இவர் உங்கள் தெருவில் இருக்கிறார். உங்கள் கைப்பேசியில் கட்டாயம் இருக்கிறார். வெள்ளிக்கிழமை வெளியான படத்தை வெள்ளிக்கிழமையே உங்களுக்கு அனுப்பிவிட்டு, "பாத்தீங்களா, எப்டி இருக்குது?" என்று சனிக்கிழமை காலையில் கேட்கிறாரே, அவர்தான்.

எனக்குத் தெரிந்தவரின் பெயர் பஞ்சாட்சரம். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூம் சூப்பர்வைசர். மாதனூரிலிருந்து காலை 7.10க்குப் புறப்படும் கம்பெனி பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது ஸீட் அவருடையது. ஓய்வு பெற்ற பிறகும் வருகை நேரம் குறிக்கும் டைம் ஆபீஸில் என்னை விட்டுவைத்திருப்பதால் மூன்றாவது ஸீட் என்னுடையது. ஆகவே இங்கே வரும் நேரமும் எண்ணிக்கையும் சரியானவை.

பஸ் கிளம்பிய நான்காம் நிமிஷம் அவர் கட்டைவிரல் வேலையைத் தொடங்கும். நேற்று வந்த படம், இன்று வந்த தொடர், போட்டித் தேர்வுப் புத்தகத்தின் பிடிஎஃப், யாரோ ஓர் எழுத்தாளர் ஆறு வருஷம் உட்கார்ந்து எழுதிய நாவலின் ஸ்கேன் (214ஆம் பக்கத்தில் ஸ்கேன் எடுத்தவரின் விரலோடு), எல்லாம் பதினான்கு குழுக்களுக்குப் போகும். அவர் எந்தப் படத்தையும் முழுக்கப் பார்த்ததில்லை. எந்தப் புத்தகத்தையும் படித்ததில்லை. நேரம் ஏது? அனுப்பி முடிக்கவே பொழுது சரியாக இருக்கிறது.

யாராவது முணுமுணுத்தால் பதில் தயாராக இருக்கும்.

"இன்னா தப்பு? அந்த ஹீரோ கோடி கோடியா வாங்குறான். மாதனூர்ல நாலு பேரு ஓசில பாத்தா அவன் வூட்டு அடுப்பு அணைஞ்சிடுமா?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒரு முறை தியேட்டருக்குப் போய் வந்தால் அந்த வாரம் காய்கறியில் கை வைக்க வேண்டும் என்பதும் உண்மை. அதனால் முணுமுணுத்தவர்களும் கைப்பேசியை எடுப்பார்கள். படத்தை இறக்கிக்கொள்வார்கள்.

எட்டு மணிக்கு சாம்பிள் ரூமுக்குள் காலை வைத்ததும் பஞ்சாட்சரம் வேறு ஆள். வெளிநாட்டு வாடிக்கையாளரின் அடுத்த சீசன் ஷூக்கள் அங்கேதான் உருவாகின்றன. உள்ளே போகிறவர்களின் கைப்பேசிகள் வாசலிலேயே மரப்பெட்டிக்குள் போய்விடும். சூப்பர்வைசரின் கைப்பேசிக்கு மட்டும் பெட்டி கிடையாது. சென்ற ஜூன் 11ஆம் தேதி தோல் வெட்டும் கட்டிங் பிரிவில் வேலை பார்க்கும் அன்பரசன் எப்படியோ ஒரு புது ஷூவைப் படமெடுத்து, ஸ்டேட்டஸில் வைத்துவிட்டான். ஒரே ஒரு ஷூ. இடது கால். பார்த்தவர்கள் பதினொரு பேர். பஞ்சாட்சரம் அவனை எல்லார் முன்னாலும் நிறுத்தினார்.

"இந்த டிசைனுக்காக ஒருத்தன் எத்தினி நாளு மண்டைய ஒடைச்சிருப்பான், தெரியுமாடா? நீ பாட்டுக்கு ஊருக்கே காட்டினு போறே! அவன் வயித்துல அடிக்கிறியே, மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதா உனக்கு?"

இந்த உபதேசம் இருபத்திரண்டு நிமிஷம் நடந்தது. அது முடிவதற்கும் அவர் சட்டைப்பையில் இருந்த கைப்பேசி ஒரு முழுநீளப் படத்தைப் பதினான்காவது குழுவுக்கு அனுப்பி முடிப்பதற்கும் சரியாக இருந்தது. அன்பரசனுக்கு மூன்று நாள் வேலை இல்லை.

சரி, இவரால் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று என்கிறீர்களா?

அதே பஸ்ஸில் ஹெலன் வருகிறாள். ஷூவின் மேல்பாகம் தைக்கிறவள். வயது முப்பத்திரண்டு. மிஷின் ஓடும்போது வாய்க்குள் மெட்டுப் போடுவாள். வரிகளும் அவளே எழுதுவாள். ஒன்றரை வருஷ ஓவர்டைமை வேலூரில் ஒரு ஸ்டூடியோவில் கொண்டுபோய்க் கொட்டி ஆறு பாட்டுகளைப் பதிவு செய்தாள். அறுபது ரூபாய் அனுப்பினால் ஆறு பாட்டும் கைப்பேசிக்கு வரும். நவம்பர் முடிவதற்குள் முந்நூறு பேர் வாங்கிவிட்டால், அந்தக் காசில் டிசம்பர் 6ஆம் தேதி அடுத்த ஆறு பாட்டுக்கு ஸ்டூடியோ அவளுக்கு. மெட்டுகள் தயார்.

"முந்நூறு ஆச்சின்னா ரெண்டாவது செட்டு. ஆவலன்னா மிஷினு," என்று பஸ்ஸில் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள்.

முதல் எட்டு நாளில் நாற்பத்தொரு பேர் வாங்கினார்கள். ஒன்பதாம் நாள் நாற்பத்திரண்டாவதாக வாங்கியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பஞ்சாட்சரம். ஆம், காசு கொடுத்துத்தான். இந்த இனம் கஞ்ச இனம் அல்ல. அந்தப் பழியை யாரும் சுமத்த வேண்டாம். வாங்கினார், கண்ணை மூடி முதல் பாட்டில் பாதியைக் கேட்டார், தலையை ஆட்டினார், பஸ் ஆம்பூரைத் தொடுவதற்குள் பதினான்கு குழுக்களுக்கும் ஆறு பாட்டையும் அனுப்பிவிட்டார். 'நம்ம மாதனூர் பொண்ணு! அதிகம் பகிரவும்!' கும்பிடும் கைகள் மூன்று ஜோடி.

மறுநாள் காலை அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பெண்ணுக்கு வரன் முடித்தவர்போல் இருந்தார்.

"ஹெலன்மா, ஒரே நாள்ல ரெண்டாயிரம் பேரு கேட்டுட்டான்! ராணிப்பேட்டை, அரக்கோணம், துபாயி வரைக்கும் போய்ட்டுது. ஒரு தேங்க்ஸாவது சொல்ல மாட்டியா?"

"வாங்குனது எத்தினி பேருணா?"

"துட்டு எங்க போவுது? மொதல்ல பேரு வரட்டும். பேரு வந்தா துட்டு தானா பின்னாலயே வரும்."

ஹெலனுக்கு அடுத்த மிஷினில் தைக்கும் அஃப்ஸர் ஜஹான் பின் ஸீட்டிலிருந்து குரல் கொடுத்தாள். "அப்ப ஒண்ணாந்தேதி உங்களுக்கும் சம்பளத்துக்குப் பதிலா பேரே குடுக்கச் சொல்லலாமாணா? சூப்பர்வைசர்னு ஜாஸ்தி பெருசா எழுதிக் குடுப்பாங்க."

பஸ் சிரித்தது. பஞ்சாட்சரமும் சிரித்தார்.

"பேஜார் பண்ணாத நீ. பாட்டு இன்னா தோலா, ஒருத்தனுக்கு வெட்டிக் குடுத்தா இன்னொருத்தனுக்குக் கம்மியாவறதுக்கு?"

"டிசைனும்தான் கம்மியாவாது," என்றாள் ஹெலன். "அன்பரசன ஏன்ணா மூணு நாளு வூட்ல குந்த வெச்சீங்க?"

"அது கம்பெனி சொத்தும்மா!"

"இது?"

"இது கலை. கலை எல்லாருக்கும் சொந்தம்."

இந்த இனத்தின் பொருளாதாரத்தை நான் பல காலம் கவனித்துப் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: பெரிய கலைஞருக்குப் பணம் தேவையில்லை, சிறிய கலைஞருக்குப் பணம் அவசரமில்லை. இரண்டுக்கும் நடுவில் பணம் கொடுக்க வேண்டிய கலைஞர் ஒருவர் இருக்கக்கூடும். அவர் இன்னும் பிறக்கவில்லை.

நவம்பர் 30ஆம் தேதி மாலை எண்ணிக்கை நாற்பத்து மூன்று. அந்த நாற்பத்து மூன்றாமவர் அரக்கோணத்துக்காரர். பாட்டு ஓசியில் வந்ததாம், கேட்டாராம், மனசு உறுத்தியதாம்; அறுபது ரூபாயும் மன்னிப்பும் அனுப்பியிருந்தார். "பாத்தியா, பாத்தியா! பப்ளிசிட்டி வேலை செய்யுது!" என்று பஞ்சாட்சரம் துள்ளினார். ஹெலன் பஸ்ஸிலேயே ஸ்டூடியோவைக் கூப்பிட்டு, ஆறாம் தேதியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். அந்த அழைப்பு ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை.

பத்து நாள் கழித்து அவர் கேட்டார். "இன்னாம்மா, ரெண்டாவது செட்டு எப்போ? க்ரூப்ல கேட்டு உயிர எடுக்குறானுங்க."

"இல்லணா. மெட்டு என் வாயிலயே இருக்கட்டும். அங்கேருந்து யாரும் ஃபார்வர்டு பண்ண முடியாது."

"அய்யய்யோ, அப்டி சொல்லாத! ஒண்ணு பண்ணு. இப்பவே ரெண்டு வரி பாடு, நான் ரெக்கார்டு பண்ணிக்கிறேன்."

ஹெலன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஞ்சாட்சரத்தின் கண் கலங்கிவிட்டது. நடிப்பு இல்லை, பின் ஸீட்டில் இருந்து எட்டிப் பார்த்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு 7.31க்கு எழுதினார்: 'ஒரு கலைஞரை வாழவைக்கத் தெரியாத சமூகம் உருப்படுமா? மனம் வலிக்கிறது. அதிகம் பகிரவும்.' பதினான்கு குழுக்களுக்கும் போயிற்று. எதை இழந்தோம் என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா? கீழே ஆறு பாட்டையும் இணைத்திருந்தார்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒருவர் முகம் நினைவுக்கு வந்திருக்கும். 'அப்படியே அவர்தான்!' என்று சிரித்திருப்பீர்கள். இந்தப் பக்கத்தைப் படமெடுத்து உடனே அவருக்கு அனுப்ப வேண்டும் என்று விரல் துடிக்கும். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன் ஒரு நிமிஷம் கைப்பேசியைத் திறந்து, அவர் இதே பக்கத்தை உங்களுக்கு ஏற்கெனவே அனுப்பியிருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.