பரிசத் தட்டோடு பிக்கப் நின்றுபோன விவரம்

செமோர்,
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்.

சம்பந்தி ஆக வேண்டியவரும், ஆகிவிடுவார் என்று நான் இன்னும் நம்பிக்கொண்டிருப்பவருமான பாகான் டத்தோ திரு. மாயாண்டி அவர்களுக்கு, சுரேனின் தகப்பன் சன்னாசி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி காளியம்மா, மகன் சுரேன் மூவரும் உடம்பளவில் சௌக்கியம். தாங்களும் தங்கள் மனைவியும் மகள் சாந்தினியும் சௌக்கியமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் காலையிலிருந்து வாசலில் கோலம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் குடும்பத்தைப் பார்த்து அப்படிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வராமல் இருந்துவிடவில்லை, வர முடியாமல் நிற்கிறோம். இதைச் சொல்லக் காலையிலிருந்து போன் அடிக்கிறேன், தாங்கள் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரே ஒரு சரிக்குறிதான் விழுகிறது. என் நம்பரைத் தடுத்து வைத்துவிட்டீர்கள் என்று சுரேன் சொல்கிறான். தங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பெண் பார்க்க வந்த அன்று தாங்கள் சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "ஒருத்தன் பரிசம் போட வாரேன்னு சொல்லிட்டு, சமையல் எல்லாம் ஆனப்புறம் வராமலே போய்ட்டான். எம் புள்ள பொடவயக் கட்டிக்கிட்டு பொழுது சாயிற வரைக்கும் உக்காந்திருந்துச்சு. இன்னொருக்க அப்படி ஆச்சுன்னா இந்தப் பேச்சே வேணாம் லா" என்றீர்கள். அதைக் கேட்டு, மார்பில் தட்டி, "என் பிக்கப் வண்டி இருக்கிற வரைக்கும் நேரம் தவற மாட்டேன்" என்று சொன்னவன் நான்தான். அந்தப் பிக்கப்தான் இப்போது வீட்டு வாசலில் நிற்கிறது.

நடந்தது இதுதான். விடிந்ததும் தட்டுகளை வரிசையாகப் பின்னால் ஏற்றினோம். புடவை, பழம், பலகாரம், ஒரு முழு வாழைத்தார், இரண்டு கட்டுக் கரும்பு. கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்தாயிற்று. சொந்தக்காரர்கள் வாடகை வேனில் ஏறி உட்கார்ந்தாயிற்று. நான் பிக்கப்பில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்றது. மறுபடி திருப்பினேன், மறுபடி 'டிக்'. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. விளக்கு எரிகிறது, ரேடியோ பாடுகிறது, ஹாரன் கூட ஏதோ முனகுகிறது, எஞ்சின் மட்டும் அசையவில்லை. வண்டி இன்னும் சூடேறவில்லை என்று வேன்காரரிடம் சொல்லிச் சமாளித்தேன்.

தட்டுகளை வேனுக்கு மாற்றிக்கொண்டு வந்திருக்கலாமே என்று தாங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். காளியம்மா பிக்கப்பின் பின்பக்கம் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவர்கள் வீட்டு வழக்கப்படி, கற்பூரம் காட்டி ஏற்றிய தட்டைப் பெண் வீட்டு வாசலில்தான் இறக்க வேண்டுமாம். "நடுவுல எறக்குனா சம்பந்தமே எறங்கிப் போயிரும். தட்டுல யாராச்சும் கைய வச்சுப் பாருங்க!" என்றாள். கையை வைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளூரப் பயம்தான். ஒரு முறை முறிந்த இடத்தில் இன்னொரு அபசகுனத்தை நானே கொண்டுவந்து சேர்ப்பேனா? கயிறு கட்டி வேனால் இழுத்துப் போகலாம் என்றார் ஒருவர். இழுத்துக்கொண்டு வந்த மாப்பிள்ளை வீட்டார் என்று ஊரில் பேர் எடுப்பதா என்று அதையும் வேண்டாம் என்றேன். பிறகு தள்ளிப் பார்ப்போம் என்று, பட்டு வேட்டியும் பட்டுப் புடவையுமாக அத்தனை பேரும் சேர்ந்து, பழைய தோட்டத்தை வெட்டிக் கட்டிய எங்கள் தாமான் குடியிருப்பின் சாலை முழுக்கத் தள்ளினோம். வேர்த்து விறுவிறுத்துக் கடைசி வீட்டை எட்டியபோது, அந்த வீட்டுச் சீனப் பெரியவர் வெளியே வந்து, ஆட்டோ கியர் வண்டியைத் தள்ளினால் ஸ்டார்ட் ஆகாது என்று மலாயில் பொறுமையாக விளக்கினார். ஆட்டோ கியர் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டு வாங்கியவன் நான். திரும்பவும் வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை, பட்டறை எல்லாம் அடைப்பு. அகப்பட்டவன் பக்கத்துத் தெருவில் இருக்கும் சீனி என்கிறவன்தான். வீட்டுக்கு வயரிங் செய்கிறவன், ஆனாலும் கரண்ட் கரண்ட்தானே என்று கூப்பிட்டேன். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "பேட்டரி நல்லா ஸ்ட்ரோங்கா இருக்கண்ணே, கவலப்படாதீங்க லா" என்றான். நான் கவலைப்பட ஆரம்பித்தது அந்த நிமிஷத்திலிருந்துதான். வேன் பேட்டரியிலிருந்து வயர் போட்டுப் பார்த்தான், 'டிக்'. பியூஸ் எல்லாவற்றையும் பிடுங்கி மாற்றினான், 'டிக்'. ரிலே என்று ஒரு சின்னப் பெட்டியைக் கழற்றி ஊதி மாட்டினான், அதற்கும் 'டிக்'தான். பிறகு அடியில் படுத்து, ஸ்டார்ட்டர் மோட்டாரையே கழற்றி, என் வீட்டு வாசற்படியில் வைத்து, நேராகப் பேட்டரி வயரைக் கொடுத்தான். அது சிங்கம் மாதிரி சுற்றி, படியிலிருந்து குதித்து, காளியம்மாவின் செம்பருத்திச் செடிக்குள் போய் விழுந்தது. மோட்டார் நல்ல மோட்டார், பேட்டரி நல்ல பேட்டரி, இரண்டையும் சேர்த்தால் 'டிக்'. நல்ல குடும்பத்துப் பையனும் நல்ல குடும்பத்துப் பெண்ணும் என்று நினைத்தேன், அதற்கு மேல் நினைக்கப் பயந்து எழுந்து போய்விட்டேன்.

நல்ல நேரம் அப்படியே போய்விட்டது. சொந்தக்காரர்கள் கூடத்தில் படுத்திருக்கிறார்கள். சுரேன் தன் மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டான். "நான் மோட்டார்ல போய் அவங்க அப்பா கால்லயே விழுந்துர்றேன்ப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். பரிசத்துக்கு மாப்பிள்ளை வரக்கூடாது என்பது நம் வழக்கம். அவனைத் தடுத்துவிட்டேன், தடுத்தது சரிதானா என்றும் தெரியவில்லை. ஐயா, தங்கள் மகள் அங்கே மறுபடியும் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே. ஆகையால் இந்தக் கடிதத்தை இப்போது பாகான் டத்தோவுக்குத் திரும்பும் மீன் லோரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். தாங்கள் மனம் இரங்கி இன்னொரு நாள் குறித்துத் தந்தால், நடந்தாவது வந்து சேருவேன். அதுவரை பிக்கப்பை நம்புகிறவனாக இருக்க மாட்டேன் என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்கிறேன். தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு ஆசி. மீனோடு வருவதால் கடிதத்தில் வாடை இருந்தால் பொறுத்தருளவும்.

இப்படிக்கு,
வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்தபடி,
சன்னாசி

பி.கு.: மேலே எழுதியது எதையும் தயவுசெய்து கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். கையெழுத்துப் போட்டு மை காயவில்லை, வாசலில் ஒரு கார் வந்து நின்றது. தங்கள் மகள் சாந்தினி இறங்கினாள். பச்சைப் பட்டு, தலை நிறையப் பூ, முகம் முழுக்கக் கோபம். தங்களிடம் சொல்லாமல் வந்திருக்கிறாளாம், தேடியிருந்தால் மன்னிக்கவும்.

"வர்றீங்களா இல்லையா? நேரா மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த சொல்லுங்க, நான் போயிர்றேன்" என்றாள். பிக்கப்பைக் காட்டினேன். பின்னால் இருந்த தட்டுகளையும், வாழைத்தாரையும், மோட்டாரைத் திரும்ப மாட்டிவிட்டு இன்னும் அடியிலேயே படுத்திருந்த சீனியின் நீட்டிய காலையும் பார்த்தாள். கோபம் கொஞ்சம் இறங்கியது. சாவியைத் திருப்பச் சொல்லி அந்த 'டிக்'கைக் காது கொடுத்துக் கேட்டாள். "எர்த் பாத்தீங்களாண்ணே?" என்றாள். சீனி வெளியே வந்து, "வீட்டுக்குத்தான் எர்த்து, இது ரப்பர் டயர்ல நிக்குது, இதுக்கு எங்கேர்ந்தும்மா எர்த்து?" என்றான். தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பையும் டிராக்டரையும் இவள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று தாங்கள் சொன்னபோது, பெண்ணைப் பெற்றவர் பெருமைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அதற்கும் மன்னிக்கவும். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு தடித்த வயரின் ஒரு முனையைப் பேட்டரியின் கறுப்புப் பக்கத்திலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்து, "இப்ப அடிங்க" என்றாள். சுரேன்தான் சாவியைத் திருப்பினான். எஞ்சின் எடுத்துக்கொண்டது! கூடத்தில் படுத்திருந்தவர்கள் எல்லாரும் வாசலுக்கு ஓடி வந்துவிட்டார்கள்.

பேட்டரியிலிருந்து போகிற கரண்ட் இரும்பு வழியாகத் திரும்பி வர வேண்டுமாம். திரும்பி வரும் வயரை எஞ்சினோடு முடுக்கிய திருகாணியைக் கழற்றினால், அடியில் கெட்டியாகக் காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம். விளக்குக்கு வேண்டிய கொஞ்சம் கரண்ட் நுழைந்து போகும், ஸ்டார்ட்டருக்கு வேண்டியது போகாது என்றாள். நேற்று வண்டியைக் கழுவிப் பூஜை போடும்போது அந்த ஆணியைத் தேய்த்துச் சுத்தம் பண்ணக் கழற்றியவன் நான். "எல்லா எடத்துக்கும் பொட்டு வச்சேன், இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று வைத்தவள் காளியம்மா. பார்க்காமல் மேலே முடுக்கியவனும் நானே.

தட்டு இறங்கவில்லை, வண்டி ஓடுகிறது, நாங்கள் கிளம்பிவிட்டோம். விளக்கு வைப்பதற்குள் வந்துவிடுவோம், சாப்பாட்டைச் சூடு பண்ணி வைக்கவும். பிக்கப்பை ஓட்டுவது சாந்தினி. அவள் காரை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டாள், இனி அது நிற்கப்போகிற வாசல் அதுதானே. கடிதத்தை மீன் லோரிக்குக் கொடுக்கவில்லை, என் சட்டைப் பையில் இருக்கிறது, நானே கையில் தருகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதும்போது, என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். உன் அப்பாவுக்கு என்றேன்.

"இந்தத் தடவ உங்க மக உக்காந்து காத்துக்கிட்டு இல்ல, போயி கையோட கூட்டிக்கிட்டு வர்றான்னு எழுதுங்க மாமா" என்றாள்.