விசில் கொடுத்தால்தான் நடப்பேன்

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி கட்டிலில் சாய்ந்தபடியே கும்பிட்டு எழுதுவது. உன் முட்டுவலியும் அத்தானின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் நலம் பற்றி நீ கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். கடிதம் கண்டதும் ஒரு வண்டி பிடித்து வந்து என்னை உன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடு.

பல்பு மாற்றுகிறேன் பேர்வழி என்று ஸ்டூலில் ஏறி, விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்து அனுப்பியதுவரை நீ பக்கத்திலிருந்து பார்த்ததுதான். நீ ஊருக்குத் திரும்பிய மறுநாளே பிசியோதெரபி பெண் வீட்டுக்கு வந்தாள். தங்கமான பிள்ளை. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்த வேண்டும், நாற்காலியைப் பிடித்து எழுந்து எழுந்து உட்கார வேண்டும், வாக்கரைப் பிடித்துக் கூடத்தில் நடக்க வேண்டும், எல்லாம் வேளைக்குப் பத்துத் தடவை என்று சொல்லிக்கொடுத்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அம்மா, நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கோங்க" என்று உன் தம்பி பெண்டாட்டியிடம் வேறு சொல்லிவிட்டுப் போனாள். வந்தது வினை.

நான் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன், இவள் அதே பஸ்ஸில் கண்டக்டர். பழைய விசிலைத் தேடி எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். இரண்டு விசில் கொடுத்தால் நட, ஒரு விசில் கொடுத்தால் நில். நானாவது மறுத்திருக்க வேண்டும். மூளை மறுத்தது அக்கா, கால் மறுக்கவில்லை! விசில் கேட்டதும் அது பாட்டுக்குக் கிளம்புகிறது. படுத்தபடி காலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, வாசலில் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசப் போய்விடுவாள். நான் தூக்கிய காலோடு கிடப்பேன். "இறக்க வேண்டியதுதானே?" என்பாள் திரும்பி வந்து. "நீ விசில் கொடுக்கலையே" என்பேன். "அட கிரகமே!" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

நேற்று பரீட்சை. வாக்கர் இல்லாமல் கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நடந்துவிட்டால் வாக்கரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பிசியோதெரபி பெண் சொல்லியிருந்தாள். இரண்டு விசில். கிளம்பினேன். ஜோராகப் பாதித் தூரம் வந்தபோது பக்கத்து வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடித்தது. நின்றுவிட்டேன்.

"ஐயா, வலிக்குதா?" என்று பக்கத்தில் வந்தாள் பிசியோதெரபி பெண்.

"இல்லம்மா."

"தல சுத்துதா?"

"இல்லம்மா."

"அப்புறம் ஏன் நிக்கிறீங்க?"

குக்கருக்காக நிற்கிறேன் என்று எந்த வாயால் சொல்வேன்? அதற்குள் இவள் "பிடிங்க, பிடிங்க, சாயறாரு" என்று கூச்சல் போட, ஆளுக்கொரு பக்கம் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். "ஐயாவுக்கு இன்னும் தைரியம் வரல, ஒரு மாசம் வாக்கர் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள் அந்தப் பிள்ளை. எனக்கா தைரியம் இல்லை? பிரேக் பிடிக்காத வண்டியை மலையிலிருந்து இறக்கினவன் நான்!

சிரிக்காதே அக்கா. உள்ளூரப் பயமாகத்தான் இருக்கிறது. இவள் ஊதாமல் இந்தக் கால் நகரவே நகராதோ, கடைசிவரை எனக்குப் பின்னாலேயே இவள் நிற்க வேண்டுமோ என்று நினைத்தால் அழுகை வருகிறது. இவளுக்கும் வயசாகிறது. நான் விழுந்த நாளிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. அதனால்தான் சொல்கிறேன், உடனே வா.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கு நூறு முத்தம். எல்லோரும் நோய் நொடி இல்லாமல் இருங்கள், ஸ்டூலில் மட்டும் ஏறாதீர்கள்.

இப்படிக்கு,
பாதி வழியில் நிற்கும் உன் தம்பி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது வாசல் மணி அடித்தது. இவள் காய்கறி வாங்கப் போயிருந்தாள். யாரோ விடாமல் அடித்தார்கள். "வர்றேன், வர்றேன், கதவ உடைச்சிடாதீங்க" என்று கத்திக்கொண்டே போய்த் திறந்தேன். இவளேதான், சாவியை மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் என் வெறுங்கையைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் பார்த்தாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது, வாக்கர் கட்டிலோரமாகவே நிற்கிறது! பையைக் கீழே போட்டுவிட்டு நடுவாசலில் நின்று அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாளைலேருந்து காய் வாங்க நீங்களே போயிட்டு வாங்க" என்றாள். ஆகவே நீ வண்டி பிடிக்க வேண்டாம். வந்தாலும் காலையில் வராதே, நான் வீட்டில் இருக்க மாட்டேன்.