மேனேஜருக்கு அறிவுத் தேர்வு

நெருப்பைக் கண்டுபிடித்தவர் யார், சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று எவருக்கும் தெரியாது. ஒரு நாய்க்கு எவ்வளவு அறிவு என்பதை ஒரே பக்கப் படிவத்தில் அளந்துவிடும் முறையைக் கண்டுபிடித்தவர்கள் விஷயத்திலாவது வரலாறு தடுமாறக் கூடாது. அவர்கள் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தார்.

சங்கத்தின் செயற்குழு மூன்று மணி நேரம் கூடி, இரண்டு முறை தேநீர் அருந்தி, "அறிவுள்ள நாய்கள் மட்டுமே இங்கு வசிக்கலாம்" என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. மனிதர்களுக்கும் இதே விதியா என்று மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் கேட்டாராம். அது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு, கார் நிறுத்துமிடத்தில் தேர்வு. தேறாத நாய் ஒரு வாரத்துக்குள் 'நிரந்தரமாக இடம் மாற்றப்படும்'.

எங்கள் வீட்டிலும் ஒரு நாய் உண்டு. பெயர் மேனேஜர்.

பெயர் வைத்தவர் அப்பா. வீட்டுக்குள் நுழைந்த முதல் நாளே அது எங்களிடம் இருந்த ஒரே சாய்வு நாற்காலியில் ஏறிக்கொண்டது. மற்றவர்கள் வேலை செய்வதைக் கண்காணித்தது. உள்ளே வந்தவர்களைப் பார்த்து உறுமியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே தூங்கியது.

"அச்சு அசல் எங்க மேனேஜர்!" என்றார் அப்பா.

அன்றோடு நாங்கள் அதை அஃறிணையில் பேசுவதை விட்டுவிட்டோம். "மேனேஜர் சாப்பிட்டாரா?" "மேனேஜர் என் செருப்பைத் தின்னுட்டாரு." நாற்காலியை மட்டும் மேனேஜர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

தினமும் மாலை ஆறரைக்கு அப்பா அலுவலகத்திலிருந்து வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, இடுப்பில் கை வைத்து நிற்பார். "மேனேஜர்! அந்த ஃபைல் என்னாச்சு? வாயில என்ன கொழுக்கட்டையா? உருப்படியா ஒரு வேலை செய்யத் தெரியுதா உங்களுக்கு?" மேனேஜர் கொட்டாவி விடுவார். அப்பா மலர்ந்துபோவார். ஆறே மாதத்தில் ரத்த அழுத்த மாத்திரையை டாக்டர் பாதியாகக் குறைத்துவிட்டார்.

"என்ன சார், யோகா பண்றீங்களா?"

"இல்ல டாக்டர், நாய் வளக்கறேன்."

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஒரே ஒரு சின்னச் சிக்கல். சங்கத்தின் செயலாளர், எங்களுக்கு இரண்டு மாடி மேலே குடியிருப்பவர், அப்பாவின் அலுவலகத்து அசல் மேனேஜர். அதனால் லிஃப்டிலும் படிக்கட்டிலும் நாங்கள் நாயை 'டைகர்' என்றே அழைத்துவந்தோம். நாய் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

சனிக்கிழமை காலை, தேர்வு நடத்தச் சங்கம் அமர்த்தியிருந்த நாய்ப் பயிற்சியாளர் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் விசில், உடம்பில் துணி இருந்த இடமெல்லாம் பை, பைக்குப் பை பிஸ்கட்.

"நாய்க்கு மூணு வகை அறிவு இருக்கு சார். பிறவி அறிவு, பிழைக்கிற அறிவு, சொன்னாக் கேக்கற அறிவு."

"எங்க டைகர் தானா ஃப்ரிட்ஜைத் திறப்பாரு" என்றார் அப்பா பெருமையுடன். "தின்னு முடிச்சதும் மூடிடுவாரு."

"அது பிழைக்கிற அறிவு. மார்க் கிடையாது."

"நானும் இவரும் சண்டை போட்டா நடுவுல வந்து படுத்துக்குவாருங்க" என்றாள் அம்மா.

"அதுக்குப் படிவத்துல கட்டமே இல்லம்மா. சங்கம் கேக்கறது மூணாவது அறிவு மட்டும்தான். ஒரே தடவை சொல்லி உக்காந்தா முதல் தரம். மூணு தடவைக்குள்ளன்னா தேர்ச்சி. இல்லன்னா..." என்று வாசல் கேட்டைக் காட்டினார். "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. முதல்ல பேரு, அப்புறம் கட்டளை. குரல்ல உறுதி வேணும். வெறுமனே உக்காருன்னா, யாரைச் சொல்றோம்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அன்று முழுக்க அப்பா, "டைகர், உக்காரு! டைகர், உக்காரு!" என்று தொண்டை வறளக் கத்தினார். நாற்பதாவது முறை மேனேஜர் எழுந்துபோய், கட்டிலுக்கு அடியில் புலி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுத்தார்.

"பேசாம நிஜப் பேரையே சொல்லிடுங்களேன்" என்றாள் அம்மா.

"சொல்லிட்டு? திங்கக்கிழமை ஆபீஸ் போக வேணாமா நான்?"

"அப்ப மேனேஜரை அனுப்பிடலாங்கறீங்க?"

அப்பா நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அனுப்ப வேண்டிய மேனேஜர் இவர் இல்லடி."

ஞாயிற்றுக்கிழமை. பச்சைத் துணி விரித்த மேசை. அதன் பின்னால் செயலாளர், தலைமை உரை ஆற்றிய கையோடு இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

முதலில் தரைத்தளத்து வெள்ளை நாய். ஒரே சொல்லில் உட்கார்ந்தது. எழச் சொல்வதற்குள் இன்னொரு முறை உட்கார்ந்தது. யாரோ தன் குழந்தையை அதட்டினார், அதற்கும் உட்கார்ந்தது.

"இதுதான் அறிவு!" என்று செயலாளர் கைதட்டினார். "ஏன், எதுக்குன்னு ஒரு கேள்வி கேட்டுதா பாருங்க!"

அடுத்து நாங்கள்.

"டைகர், உக்காரு" என்றார் அப்பா. மேனேஜர் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார்.

"டைகர்... உக்காரேன்..." மேனேஜர் காதைச் சொறிந்தார்.

"ரெண்டு முடிஞ்சுது. கடைசி" என்ற பயிற்சியாளர், பேனாவைத் தேடிப் பத்தாவது பைக்குள் தலையை நுழைத்தார்.

அப்பா வாசல் கேட்டைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். செயலாளரைப் பார்த்தார். அவ்வளவுதான். தினமும் ஆறரை மணிக்கு மட்டும் வெளிவரும் அந்தக் குரல் காலை பத்தரைக்கே வந்துவிட்டது.

"மேனேஜர்! உக்காரு!"

கார் நிறுத்துமிடமே அடங்கிப்போனது. அந்த அமைதியில் பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது.

செயலாளர் உட்கார்ந்திருந்தார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. முதலில் பேர், அப்புறம் கட்டளை, குரலில் உறுதி. முப்பது வருடமாகத் தலைமை அலுவலகம் அவருக்குக் கொடுத்த பயிற்சி வீண்போகவில்லை. எங்கள் மேனேஜரோ நின்றபடியே, தலையைச் சாய்த்து, அவரைச் சக ஊழியரைப் போலப் பரிவுடன் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேனா கிடைத்துப் பயிற்சியாளர் தலை நிமிர்ந்தார். "பேரு மேனேஜரா? மாத்திக்கறேன். என்ன, உக்காந்தாச்சா?"

"மேனேஜர் உக்காந்துட்டாருங்க" என்றாள் அம்மா. என் அம்மா பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை.

"அந்தப் பேர்ல ஒரு தடவைதானே சொன்னீங்க? அப்ப முதல் தரம்!" என்று எழுதி, படிவத்தைச் செயலாளர் முன் நீட்டினார். மறுக்க வேண்டுமென்றால் ஒரே வழிதான் இருந்தது: 'உட்கார்ந்தது நாய் அல்ல, நான்' என்று குறிப்பெழுத வேண்டும். செயலாளர் கையெழுத்துப் போட்டார். கீழே உள்ளவர் செய்ததற்கு மேலே உள்ளவர் பெயர் வாங்குவதுதான் அந்த அலுவலகத்தின் மரபு. மேலே உள்ளவர் செய்ததற்குக் கீழே உள்ளவர் பெயர் வாங்கியது அதுவே முதல் முறை.

திங்கட்கிழமை அசல் மேனேஜர் அப்பாவைத் தன் அறைக்கு அழைத்தார். 'மரியாதை' என்னும் பொருள் குறித்து நாற்பது நிமிடம் பேசினார். வேலை போகவில்லை, காரணத்தை அவரும் எழுதித்தானே ஆக வேண்டும்!

"ரூம்ல உக்காரச் சொன்னாராப்பா?" என்று மாலையில் கேட்டேன்.

"ரெண்டு நாற்காலி காலியாத்தான் கெடக்கும். இருபத்திரண்டு வருஷமாச் சொல்லாதவரு, இன்னிக்கா சொல்லப்போறாரு?" என்ற அப்பா, பழக்கதோஷத்தில் எங்கள் மேனேஜருக்கு எதிரிலும் கைகட்டி நின்றார். அன்று ஒரு ஃபைலைப் பற்றியும் கேட்கவில்லை.

மேனேஜர் அவரை நிமிர்ந்து பார்த்தார். எழுந்தார். நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் படுத்துக்கொண்டார். அப்பாவின் பையில் பிஸ்கட் ஏதும் இல்லை, நான் சோதித்துவிட்டேன்.

ஒருவர் நிற்கிறார் என்பதை யாரும் சொல்லாமலே கண்டுகொள்ளும் அறிவுக்குச் சங்கத்தின் படிவத்தில் கட்டம் இல்லை. நல்லவேளை. இருந்திருந்தால் இரண்டு மேனேஜர்களில் ஒருவர் ஒரு வாரத்துக்குள் குடியிருப்பைக் காலி செய்திருக்க வேண்டும்.