தாழ்ப்பாளுக்கும் பத்துப் பொருத்தம்

ஆம்பூரிலிருந்து அரக்கோணம் வரை உள்ள அத்தனை வீட்டுக் கதவுக் குமிழையும் நான் திருகிப் பார்த்திருக்கிறேன். சரி, அத்தனையும் இல்லை. ஒன்பது. அதிலும் இரண்டு என் வீட்டுடையவை. ஆனால் நான் சொல்லப்போகும் இனத்தை அடையாளம் காண ஒன்பதே ஜாஸ்தி.

உலோகப் பொருத்தக்காரர். இதுதான் அந்த இனம். உங்கள் வீட்டுக்கும் வந்திருப்பார். 'வாங்க' என்பீர்கள், பதில் வராது. அவர் கண் கதவுக் கைப்பிடியில் தொடங்கி, கீலுக்கு இறங்கி, திரைச்சீலைக் கம்பியில் ஊர்ந்து, மின்விசிறித் தண்டில் ஏறி, கடைசியில் நீங்கள் நீட்டும் எவர்சில்வர் டம்ளரில் வந்து துக்கமாக உட்காரும். தாகத்துக்கு வந்தவரா, ஜப்திக்கு வந்தவரா? உங்களால் சொல்ல முடியாது.

ஆம்பூர் பிரேம்நாத் இந்த இனத்தின் தங்கக் கட்டி. மன்னிக்கவும், ஆன்டிக் பிராஸ் கட்டி. ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருஷமாகப் பக்கிள் சோதிப்பவர். ட்யூப்லைட் பொய் சொல்லும், வெயில் சொல்லாது என்பது அவருடைய வேதம். ஆகவே புது வீட்டுக்கு வாங்கிய ஒவ்வொரு குழாயையும் தாழ்ப்பாளையும் நயீம் அகமது பாயின் ஹார்டுவேர் கடையிலிருந்து நடுரோட்டுக்குத் தூக்கி வந்து, லாரிகள் ஹாரன் அடிக்க அடிக்க, நிற மாதிரிகள் ஒட்டிய ஷேட் கார்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இன்னா பாய், ரெண்டும் ஜோடி சேரலியே."

"ஒரே டப்பாவுல வந்தது சார்."

"ஒரே டப்பான்னா ஒரே ஷேடா?"

"ஒரே வயித்துல பொறந்த எங்கண்ணனும் நானுமே ஒரே ஷேடு இல்ல சார். பேஜார் பண்ணாம எடுத்துட்டுப் போங்க."

உலோகங்களைக் கலந்து போடுவதுதான் இப்போது நாகரிகம் என்று போனில் பார்த்திருந்தார். கலக்கலாம், ஆனால் கணக்காக. ஓர் அறைக்கு இரண்டு: ஒன்று மாப்பிள்ளை, ஒன்று மாப்பிள்ளைத் தோழன். மூன்றாவது நுழைந்தால் அது அறை இல்லை, பாத்திரக்கடை. ஹாலில் பழம்பித்தளை நிற ஆன்டிக் பிராஸ் மாப்பிள்ளை, துப்பாக்கிக் கறுப்பில் கன்மெட்டல் தோழன். எவர்சில்வருக்கு அனுமதி இல்லாததால், தண்ணீர் கேட்ட விருந்தாளிகள் சமையலறைக்கு எழுந்து போய்க் குடித்துவிட்டு வந்தார்கள். தேறிய சாமான்களில் கம்பெனி வழக்கப்படி 'அப்ரூவ்டு' என்று சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கட்டினார். மனைவி ஷர்மிளாவின் பித்தளை ஃபில்டருக்குச் சீட்டு கிடைக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் பூர்ணிமா விரும்பிய ஹேமந்தின் குடும்பம் அரக்கோணத்திலிருந்து பேச வந்தது.

"அப்பா, ரெண்டு வருஷம் கெஞ்சி வர வச்சிருக்கேன். இன்னைக்கு ஒரு நாள் யாரையும் ரிஜெக்ட் பண்ணாதீங்க."

பிரேம்நாத் தலையாட்டினார். வாசலில் ஹேமந்தின் அப்பா ராமமூர்த்தி செருப்பைக் கழற்றினார். செருப்புப் பக்கிள் கோல்டு. பெல்ட் பக்கிள் நிக்கல். கைக்கடிகாரம் ரோஸ் கோல்டு. ஒரே உடம்பில் மூன்று. உள்ளே உட்கார்ந்த பிறகும் பிரேம்நாத்தின் கண் அந்தப் பெல்ட்டை விட்டு நகரவில்லை. ஷர்மிளா அவர் தொடையில் கிள்ளினாள். எதிரில் ராமமூர்த்தியும் முள்மேல் உட்கார்ந்தவர்போல் நெளிந்தார். ஜாதகம் பேசினார்கள். பத்துக்கு ஆறு பொருத்தம் போதும் என்றார்கள். போதுமாம், கல்யாணத்துக்கு.

"போன் வருது" என்று வராத போனோடு வெளியே போன பிரேம்நாத், செருப்புகளுக்கு முன்னால் குந்தி ஷேட் கார்டை விரித்தார்.

"இன்னா சார் தேடறீங்க?"

பின்னால் ராமமூர்த்தி. உள்ளே பஜ்ஜித் தட்டோடு வந்த பூர்ணிமா அப்படியே நின்றாள். இரண்டு வருஷக் கெஞ்சலும் அந்தத் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

"உங்க செருப்பு கோல்டு, பெல்ட்டு நிக்கல்" என்று பிரேம்நாத்தின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வேணும்னே போட்டது. ஒண்ணு மெயினு, ஒண்ணு சைடு."

"அப்போ வாட்ச்சு?"

ராமமூர்த்தி கடிகாரத்தைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"நானும் வந்ததுலேர்ந்து அடக்கிட்டிருக்கேன் சார். வாயத் தெறக்கக் கூடாதுன்னு பையன் சத்தியம் வாங்கிட்டான். உங்க கதவுக் கீல் ஆன்டிக் பிராஸ். ஸ்க்ரூ மட்டும் குரோமு."

பிரேம்நாத் பார்த்தார். வீடு முழுக்க, கதவுக்குப் பன்னிரண்டு ஸ்க்ரூ, அத்தனையும் குரோம். மேலே அவருடைய சொந்தக் கையெழுத்தோடு 'அப்ரூவ்டு' காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"இவ்ளோ நாளா ஒருத்தர்கூட சொல்லல சார்" என்றார். "எங்க இருந்தீங்க நீங்க?"

பஜ்ஜி சாப்பிட ஆளில்லை. இருவரும் ஒரே ஸ்கூட்டரில் நயீம் பாய் கடைக்குப் போய்விட்டார்கள். நிச்சயதார்த்தத் தேதி அங்கேதான், நடுரோட்டு வெயிலில் ஆளுக்கொரு ஸ்க்ரூவைத் தூக்கிப் பிடித்தபடி முடிவானது. ஒருவரையே தாங்க முடியாத பாய், "யா அல்லா, இப்போ ரெண்டு" என்று ஷட்டரில் சாய்ந்துகொண்டார்.

சிரித்துவிட்டீர்கள் அல்லவா? நல்லது. ஆனால் ஸ்க்ரூ என்று படித்த இடத்தில் தலையைத் தூக்கி உங்கள் கதவுக் கீலை ஒரு பார்வை பார்த்தீர்களே, அதை நான் கவனிக்கவில்லை என்று நினைக்கவேண்டாம். அந்த நோய் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

அப்பாவைக் கேலி செய்ததற்குக் கோபித்துக்கொள்வாளோ என்று பயந்து, இதைப் பூர்ணிமாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கடைசி வரி வரை படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள்.

"எல்லாம் சரிதான். அந்த ஸ்க்ரூ குரோம் இல்ல, மேட் நிக்கல். மாத்திடுங்க."